சூரியனை வைத்து நேரம் குறித்தவர்கள்: திருமண நாள் அட்டவணையை வகுத்துத் தரும் ஒரு புகைப்படக் குழுவின் சேவை பற்றிய மதிப்புரை

திருமணப் புகைப்படக் குழுக்கள் பலவும் இப்போது படமெடுப்பதோடு நின்றுவிடாமல், அன்றைய நாளின் நேர அட்டவணையை வகுத்துத் தருவதையும் தங்கள் சேவையில் ஒரு பகுதியாகச் சேர்த்திருக்கின்றன. என் தங்கையின் திருமணத்துக்கு அப்படிப்பட்ட ஒரு குழுவை அமர்த்தினோம். படங்களின் தரத்தைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. அந்த அட்டவணை எப்படி உருவானது, நாளன்று எங்கே கைகொடுத்தது, எங்கே தடுமாறியது என்பதையே எழுத விரும்புகிறேன். ஏனென்றால், திருமண ஏற்பாட்டில் இருப்பவர்கள் கேமராவைப் பற்றியும் ஆல்பத்தைப் பற்றியும் விசாரிக்கிற அளவுக்கு இதைப் பற்றி விசாரிப்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சேவையில் குறைகள் உண்டு என்றாலும், அதற்குச் செலவழித்த பணம் வீணாகவில்லை. நாளைத் திட்டமிடும்போது அவர்கள் விருந்தினர் வரும் நேரத்திலிருந்து தொடங்காமல், வெளிச்சம் இருக்கும் நேரத்திலிருந்து தொடங்கினார்கள் என்பதே அதற்கு முதற்காரணம்.

வழக்கமாக வீட்டில் நாம் போடும் நிகழ்ச்சி நிரல் காலையிலிருந்து மாலை நோக்கி நகரும். ஒப்பனை, புறப்பாடு, திருமணம், விருந்து, வரவேற்பு என்று வரிசையாக எழுதிவிட்டு, மணமக்களின் படங்களை இடையில் எங்காவது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். இந்தக் குழு அதைத் தலைகீழாகச் செய்தது. முதல் சந்திப்பில் அவர்கள் கேட்டவை இரண்டுதான்: திருமணம் எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்பது ஒன்று, மணமக்கள் இருவரும் தனியாக நிற்கும் படங்கள் வெளியில் வேண்டுமா, உள்ளேயே போதுமா என்பது மற்றொன்று. வெளியில் வேண்டும் என்று தங்கை சொன்னதும், அன்றைய சூரிய அஸ்தமன நேரத்தை எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி மற்ற நிகழ்ச்சிகளுக்கு இடம் ஒதுக்கத் தொடங்கினார்கள்.

மாலையின் அந்தப் பொன்னொளி நேரத்தைப் புகைப்படக்காரர்கள் கோல்டன் ஹவர் என்று சொல்வார்கள். சூரியன் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 6 பாகையில் இருக்கும்போது தொடங்கி, தொடுவானத்துக்குக் கீழே 4 பாகைக்கு இறங்கும் வரையிலான பொழுதை அதற்குக் கணக்காகக் கொள்வது பரவலான வழக்கம். தாழ்ந்த சூரியனின் ஒளி காற்று மண்டலத்தினூடே நீண்ட தொலைவு கடந்து வருவதால் அதன் நீல நிறம் பெரும்பகுதி வழியிலேயே சிதறிவிடுகிறது; எஞ்சி வரும் வெதுவெதுப்பான நிறமும், பக்கவாட்டிலிருந்து முகத்தின் மீது மென்மையாக விழும் போக்கும்தான் அந்த நேரத்துக்கு இத்தனை மதிப்பைத் தருகின்றன. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவு நீடிப்பதில்லை. பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் இந்த 10 பாகையை 40 நிமிடங்களுக்குச் சற்று முன்பின்னாகக் கடந்துவிடும். 60 பாகை அட்சரேகையில் அது சாய்வாக இறங்குவதால் அதைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். பெயரில் ஒரு மணி நேரம் என்று இருப்பதை நம்பி அட்டவணையில் ஒரு முழு மணி நேரத்தைக் குறித்துவைத்தால், சில ஊர்களில் அதில் மூன்றில் ஒரு பங்கு இருட்டிலேயே போய்விடும். எங்கள் குழு அந்தப் பொதுக்கணக்கை எழுதாமல், குறிப்பிட்ட தேதிக்கும் இடத்துக்கும் உரிய நிமிடங்களைக் கணக்கிட்டு எழுதியது.

அதைவிட நான் மெச்சியது, அவர்கள் அந்த நிமிடங்களையும் அப்படியே நம்பிவிடாததுதான். நாட்காட்டியில் அச்சாகும் அஸ்தமன நேரம் தடையற்ற தொடுவானத்துக்கு உரியது. மேற்கே ஒரு கட்டடமோ மரவரிசையோ குன்றோ இருந்தால், அந்த இடத்தைப் பொறுத்தவரை சூரியன் வெகு முன்னதாகவே மறைந்துவிடும். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது, 10 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவரின் நிழல் ஏறத்தாழ 57 மீட்டர் தொலைவுக்கு நீளும். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த புல்வெளி மண்டபத்தின் கிழக்குப் பக்கம் இருந்தது. மாலையில் அங்கே பொன்னொளி விழும் என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். மண்டபத்தின் நிழல் அதை முன்னரே மூடிவிடும் என்பதை, அவர்கள் அதே மாலைப் பொழுதில் நேரில் வந்து நின்று பார்த்துத்தான் சொன்னார்கள். மணமக்களின் தனிப்படங்களுக்கான இடம் அன்றே முன்வாசல் பக்கத்துக்கு மாறியது. அப்படி வந்து பார்ப்பதற்கு அவர்கள் தனியாகக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

திருமணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பு இடத்தைப் போய்ப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் மறையும் திசை ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நிலநடுக்கோட்டிலேயேகூட ஜூன் இறுதிக்கும் டிசம்பர் இறுதிக்கும் இடையில் அது தொடுவானத்தில் ஏறக்குறைய 47 பாகை நகர்கிறது. வடக்கிலும் தெற்கிலும் போகப்போக இந்த நகர்வு இன்னும் கூடும். எனவே இன்று வெயில் விழும் மூலையில் திருமணத்தன்றும் வெயில் விழும் என்று சொல்ல முடியாது. போட்டோபில்ஸ், சன் சர்வேயர் போன்ற செயலிகளில் வேண்டிய தேதியைக் கொடுத்துவிட்டுக் கைப்பேசியின் கேமராவை வானத்தை நோக்கிப் பிடித்தால், அந்த நாளில் சூரியன் செல்லும் பாதை திரையில் கோடாகத் தெரியும். குழுவின் தலைவர் அதைத் தங்கையிடம் காட்டி, எந்த மரத்தின் எந்தக் கிளைக்குப் பின்னால் எத்தனை மணிக்குச் சூரியன் போகும் என்று விளக்கியபோது, அதுவரை வெறும் எண்களாக இருந்த அட்டவணை அவளுக்கு முதன்முறையாகப் புரிந்தது. சொந்தமாகத் திட்டமிடுபவர்களும் இதைச் செய்துவிடலாம். ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் பக்கத்தில் நிற்பது வேறுதான்.

நண்பகல் நிகழ்ச்சிகளிலும் அவர்கள் இதே கவனத்தைக் காட்டினார்கள். உச்சி வெயிலில் கண்குழிகளிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். அதைவிடக் கெடுதி, மணமக்களில் ஒருவர் வெயிலிலும் மற்றவர் நிழலிலும் நிற்பது, ஏனெனில் அந்த இரண்டையும் ஒரே படத்தில் சரிக்கட்டுவது மிகவும் கடினம். மேடையின் முகப்பைச் சற்றுத் திருப்பி அமைத்தாலே இருவர் முகத்திலும் ஒரே வகை ஒளி விழும் என்று அவர்கள் சொன்னதை மேடை அமைப்பவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். மேகமூட்டம் வந்தால் என்ன செய்வது என்று அம்மா கவலைப்பட்டபோது, மேகம் வெயிலை வடிகட்டி நிழல்களை மென்மையாக்கிவிடும் என்பதால் அன்று எந்த நேரத்திலும் படமெடுக்கலாம் என்று பதில் வந்தது. மழைக்கு மட்டும் அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் மாற்று இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன.

ஒப்பனைக்கான நேரத்தை ஒதுக்கிய விதம் அனுபவசாலிகளுக்கே உரியது. ஒப்பனைக் கலைஞரிடம் பலர் வரிசையில் இருக்கும்போது மணப்பெண்ணைக் கடைசியாக உட்கார வைப்பது பொதுவான பழக்கம். ஒப்பனை கலையாமல் இருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கூடினாலும் அந்தத் தாமதம் முழுவதும் கடைசியில் இருப்பவர் தலையில்தான் விழும். இவர்கள் தங்கையைக் கடைசிக்கு முந்திய இடத்தில் வைத்து, அவளுக்குப் பின் ஒப்பனை செய்துகொள்பவரின் நேரத்தையே தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும் இடமாக ஆக்கினார்கள். ஒப்பனை அறை பெரிய சன்னல் உள்ளதாக இருக்க வேண்டும், படமெடுக்கும்போது அறையின் மஞ்சள் விளக்குகளை அணைத்துவிட வேண்டும் என்பதும் எழுத்தில் இருந்தது. ஒளி நீலம் சார்ந்ததா, மஞ்சள் சார்ந்ததா என்பதைக் குறிக்கும் அளவு நிற வெப்பநிலை; பகல் ஒளிக்கு அது ஏறத்தாழ 5500 கெல்வின், வீட்டு மஞ்சள் விளக்குகளுடையது 3000 கெல்வினுக்கு அருகில். இரண்டும் ஒரே முகத்தில் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் ஆரஞ்சாகவும் தெரியும், பின்னால் எத்தனை திருத்தினாலும் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

இந்தச் சேவையின் உண்மையான பயனை நாங்கள் உணர்ந்தது குடும்பப் படங்களின்போதுதான். எந்தத் திருமணத்திலும் நேரத்தை விழுங்குவது இந்தப் பகுதியே. ஒரு குழுவை அழைத்து, நிற்க வைத்து, குழந்தையின் முகத்தைத் திருப்பி, கண் மூடியவருக்காக இன்னொரு முறை எடுத்து முடிக்கக் குறைந்தது மூன்று நிமிடமாகும் என்று வைத்துக்கொண்டால், இருபது குழுக்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிவிடும். எங்கள் வீட்டார் முதலில் கொடுத்த பட்டியல் அதைவிட நீளமானது. குழுவினர் அதை வெட்டச் சொல்லவில்லை. வரிசையை மாற்றித் தந்தார்கள். இரு வீட்டாரும் சேர்ந்த பெரிய கூட்டம் முதலில், பிறகு ஒரு பக்கத்து உறவினர் மட்டும், பிறகு அதிலிருந்து விலகி விலகிக் கடைசியில் பெற்றோரும் உடன்பிறந்தாரும் மட்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் சிலர் வெளியேறினால் போதும்படி அடுக்கியிருந்தார்கள். புதிதாக யாரையும் தேடி அழைத்து வர வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை. முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருக்கும் படங்கள் தொடக்கத்திலேயே முடிந்தன. முழங்கால் வலியோடு நெடுநேரம் நிற்க முடியாத எங்கள் அத்தைக்காகப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே 'நாற்காலி' என்று எழுதியிருந்தது. அவர் வந்து சேரும் முன்பே நாற்காலி அங்கே இருந்தது. அத்தை அதில் அமர்ந்து, "எனக்குன்னே போட்டு வச்சிருக்காங்களேம்மா" என்று அம்மாவிடம் வியந்து சொன்னார். இப்படிப்பட்ட ஒரு சொல்லை அட்டவணையில் எழுதத் தெரிந்தவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெயர் சொல்லி அழைப்பதற்கு இரு வீட்டிலிருந்தும் ஒவ்வொருவரை நியமிக்கச் சொன்னதும் அவர்களே. புகைப்படக்காரருக்கு யார் சித்தப்பா, யார் மாமா என்று தெரியாது. ஒலிபெருக்கியில் அழைத்தால் வரவேண்டியவர்கள் தவிர மற்றவர்கள் வருவார்கள். உறவினரை முகமறிந்து, சங்கடமின்றிக் கையைப் பிடித்து அழைத்து வரக்கூடிய ஒருவர் வேண்டும். எங்கள் பக்கம் தம்பியும் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் அவருடைய அக்காவும் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். இருவர் கையிலும் பட்டியலின் அச்சுப்படி இருந்தது.

பயண நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரைபடச் செயலி காட்டும் நேரத்தோடு, ஆட்கள் ஏறி இறங்கவும் உடைகளைச் சரிசெய்யவும் ஆகும் நேரத்தைக் கூட்டியிருந்தார்கள், அது போதுமானதாக இருந்தது. குழுவினரின் சாப்பாட்டு நேரம் மணமக்களின் சாப்பாட்டு நேரத்தோடு ஒன்றாக அமைக்கப்பட்டிருந்ததும் சரியான முடிவு. வாயில் உணவு இருக்கும் முகத்தை யாரும் படமாகப் பார்க்க விரும்புவதில்லை, அந்த வேளையில் அவர்களும் சாப்பிட்டுவிட்டால் மீதி நேரம் முழுவதும் கேமராவோடு இருப்பார்கள்.

அட்டவணையில் நான் முதலில் ஐயப்பட்டு, பின்னர் மனமாரப் பாராட்டிய ஒன்று, எதற்கும் ஒதுக்கப்படாத நேரங்கள். திருமணம் முடிந்ததற்கும் குடும்பப் படங்களுக்கும் இடையில் அரை மணி நேரம் வெறுமனே விடப்பட்டிருந்தது. வரவேற்புக்கு முன்பும் அப்படியொரு இடைவெளி இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார்களோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. திருமண நாளில் ஒரு நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்து மற்றொன்றின் தாமதத்தை ஈடுகட்டுவது அரிது. தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும், அவற்றை உறிஞ்சிக்கொள்ள ஆங்காங்கே இடம் விடாவிட்டால் எல்லாம் சேர்ந்து மாலை வெளிச்சத்தைத்தான் தின்னும் என்று விளக்கினார்கள். காலைத் தாமதம் முதல் இடைவெளியில் பாதியை எடுத்துக்கொண்டது. மீதி நேரத்தில் யாரும் யாரையும் எங்கும் நிற்கச் சொல்லவில்லை. அப்பா தங்கையின் அருகில் வந்து, அவள் தோளில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை, தூரத்தில் இருந்த இரண்டாம் புகைப்படக்காரர் எடுத்திருக்கிறார். ஆல்பத்தில் எங்கள் வீட்டார் முதலில் திறந்து காட்டும் பக்கம் அதுதான். கேண்டிட் படங்கள் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதைவிட, மனிதர்கள் தாங்களாக இருப்பதற்கு நேரம் விடுவதே அதற்கு வழி என்பதை இந்தக் குழு அறிந்திருந்தது.

இனிக் குறைகள். முதலாவது, அட்டவணையைக் குடும்பத்தாருக்குக் கொடுத்த வடிவம். தங்களுக்காகத் தயாரித்த, ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்த அதே விரிவான கோப்பை எல்லோருக்கும் கைப்பேசியில் அனுப்பினார்கள். சிறிய எழுத்தில், பல பத்திகளாக இருந்த அதைப் பெரியவர்களால் படிக்கவே முடியவில்லை. எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு விடை தேட அவர்கள் எங்களைத்தான் அழைத்தார்கள். குழுவுக்கு ஒன்று, ஒருங்கிணைப்பவருக்கு ஒன்று, உறவினருக்குப் பெரிய எழுத்தில் ஐந்தாறு வரிகள் மட்டும் என்று மூன்று வடிவங்கள் இருந்திருக்க வேண்டும். கடைசி நேர மாற்றங்களோடு திருத்திய படி எங்கள் கைக்கு வந்ததும் மிகவும் தாமதமாகத்தான்.

இரண்டாவது குறை கனமானது. சூரிய ஒளிக்கு அத்தனை கவனம் செலுத்தியவர்கள், வரவேற்பு மேடையின் விளக்குகளைப் பற்றி விளக்கு அமைப்பாளரிடம் ஒரு முறைகூடப் பேசவில்லை. மணமக்கள் மேடையேறிய நேரத்தில் ஊதா நிற எல்இடி விளக்குகள் நேராக அவர்கள் முகத்தில் விழுந்தன. மஞ்சள் விளக்கின் நிறத்தைப் பின்னால் ஓரளவு சரிசெய்யலாம். ஆனால் வண்ண எல்இடி ஒளியில் மிகக் குறுகிய அலைநீளங்கள் மட்டுமே இருப்பதால், தோலின் இயல்பான நிறத்தை மீட்டெடுக்கத் தேவையான தகவலே படத்தில் இருக்காது. அப்படிப்பட்ட படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதே பெரும்பாலும் எஞ்சும் வழி. எங்களுக்கும் அதுவே நடந்தது. சில எல்இடி விளக்குகள் மின்னோட்டத்தின் அதிர்வெண்ணுக்கேற்ப நொடிக்கு 100 அல்லது 120 முறை மினுங்கக்கூடியவை என்பதால், சில படங்களில் குறுக்கே கரும்பட்டைகளும் விழுந்திருந்தன. வண்ண விளக்குகளைப் பின்னணிக்கு மட்டும் திருப்பி, முகங்களுக்கு வெள்ளை ஒளி விடச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் போதும். அட்டவணை வகுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் குழு, அதே அட்டவணையை விளக்கு, ஒலி, மேடை, ஒப்பனை ஆகிய எல்லாத் தரப்பினருக்கும் தானே அனுப்பி ஒப்புதல் பெறுவதைத் தன் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேடை அமைப்பவரிடம் காட்டிய அக்கறை விளக்கு அமைப்பவரிடம் காணாமல் போனது வருத்தமளிக்கிறது.

இரண்டாம் புகைப்படக்காரரின் இடமும் தெளிவாக எழுதப்படவில்லை. திருமணம் நடந்த வேளையில் முதல் புகைப்படக்காரர் மணமக்கள் முகத்தையும் இரண்டாமவர் பெற்றோர் முகத்தையும் பார்த்து நிற்க வேண்டும் என்பது வாய்மொழியாகவே பேசப்பட்டது. கூட்டத்தில் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்கிவிட்டதால், மாப்பிள்ளையின் தாயார் முகம் அந்தத் தருணத்துப் படங்களில் இல்லை. அந்த அம்மாவுக்கு அது மனக்குறைதான். இரண்டு கேமராக்களின் கடிகாரங்களையும் காலையிலேயே நொடி பிசகாமல் ஒன்றாக்கிவைக்கும் அளவுக்கு ஒழுங்கு உள்ளவர்கள் இவர்கள். இரு கேமராக்களின் படங்களும் நேர வரிசையில் சரியாக வந்ததற்கு அதுவே காரணம். அப்படிப்பட்டவர்கள் ஆட்கள் நிற்கும் இடத்தை ஒரு சிறு வரைபடமாக வரைந்து வைக்காமல் விட்டதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வெளியில் படமெடுக்க விரும்புபவர்களுக்கும், இரு வேறு இடங்களில் நிகழ்ச்சி வைத்திருப்பவர்களுக்கும், உறவினர் கூட்டம் பெரிதாக உள்ளவர்களுக்கும் இத்தகைய சேவையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எல்லாமே ஒரே மண்டபத்தின் உள்ளே, விளக்கொளியிலேயே நடக்கும் திருமணத்துக்கு இதன் பயன் குறைவு. அங்கே நல்ல குடும்பப் பட்டியலும் விளக்கு அமைப்பாளரோடு ஒரு பேச்சும் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இடத்தை நேரில் வந்து பார்ப்பார்களா, எந்த நேரத்தில் பார்ப்பார்கள், அட்டவணையை மற்ற தரப்பினருக்கு யார் அனுப்புவது, கடைசித் திருத்தம் எந்தத் தேதிக்குள் கைக்கு வரும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதையும், நிகழ்ச்சி நீண்டால் கூடுதல் நேரத்துக்கு எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுவது நல்லது. எங்கள் ஒப்பந்தத்தில் அது தெளிவாக இருந்ததால், வரவேற்பு முடியத் தாமதமானபோது யாரும் யாரிடமும் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.